எல்லாரும் குற்றவாளி என்றால்

பள்ளிக்கூடம் திறந்த கையோடு சுற்றுச்சூழல் தினம் வந்துவிடும். எங்கள் பள்ளியில் அன்றைக்குப் பேச்சுப்போட்டி உண்டு. இந்த வருஷமும் நடுவர் வரிசையில் என்னை உட்கார வைத்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மேடையேறி, கணீரென்ற குரலில் மூச்சு விடாமல் பேசினாள். ஓசோன், அமேசான் காடு, பனிக்கரடி எல்லாம் வந்தன. முடிக்கும்போது, "பூமித்தாயின் உடம்பில் பரவிய புற்றுநோய்தான் மனிதன்" என்றாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இரண்டாம் பரிசு கிடைத்தது.

அவளுடைய அம்மா பாசிக்குப் போகிறவர், கடலில் முங்கிப் பாசி பறிக்கிறவர். பரிசை வாங்கிக்கொண்டு இறங்கியவளைக் கூப்பிட்டு, "மனுசன்னு சொன்னியேத்தா, உங்க அம்மாவும் அதுல உண்டா?" என்று கேட்டேன்.

முழித்தாள். "அம்மா பாசிக்குத்தானே டீச்சர் போறாங்க" என்றாள்.

யார் எழுதிக் கொடுத்தது என்றதற்கு, செல்லில் பார்த்து எழுதியதாகச் சொன்னாள். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த வயதில் மேடையேறி அவ்வளவு தெளிவாகப் பேச எத்தனை பிள்ளைகளால் முடியும்? அவள் கைக்கு அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது, ஏன் அது மட்டும் வந்தது என்பதில்தான் எனக்குக் கோபம்.

மனிதகுலம் பூமியை அழிக்கிறது என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நான் அறிவியல் சொல்லிக் கொடுப்பவள், ராமநாதபுரம் கடற்கரையில் பிறந்தவள். எங்கள் கடலில் எது போயிற்று, எப்போது போயிற்று, யார் கையால் போயிற்று என்பதெல்லாம் பெரும்பாலும் தெரிந்த விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு, காலம் உண்டு, அதில் லாபம் பார்த்தவர் உண்டு. மொத்தத்தையும் மனிதகுலத்தின் கணக்கில் எழுதிவிட்டால் அந்த ஆட்கள் எல்லாரும் மறைந்துபோகிறார்கள். தண்டம் மட்டும் கரையில் கைக்கு எட்டுகிறவரிடம் வசூலாகிறது.

எங்கள் பக்கம் கைக்கு எட்டுகிறவர் என்றால் பாசி எடுக்கிற பெண்தான். என் அம்மாவும் அந்த வேலை செய்தவர். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணிக் கீற்றைச் சுற்றி, காலில் ரப்பர் செருப்புப் போட்டு, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, விடியற்காலை வல்லத்தில் ஏறித் தீவுப் பக்கம் போவார்கள். மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்துப் பையில் திணிப்பார்கள். மூச்சு முட்டும்போது மேலே வந்து, மறுபடி முங்குவார்கள். பாறை கையைக் கிழிக்கும். சொறி என்கிற ஜெல்லி மீன் பட்டால் உடம்பு முழுக்கத் தடித்து எரியும். கரைக்கு வந்தபின் பாசியை மணலில் விரித்துக் காயவைத்துத் தூசி பொறுக்கி வியாபாரியிடம் போடுவார்கள். காய்ந்தால் எடை எவ்வளவோ குறைந்துபோகும். அந்தக் காய்ந்த எடைக்குத்தான் காசு.

அந்த மரிக்கொழுந்துதான் ஆலைக்குப் போய் அகர் ஆகிறது. நோன்புக் காலத்தில் கீழக்கரையில் வீட்டுக்கு வீடு காய்ச்சுகிற கடல்பாசி அதுதான். ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கிற தட்டில் ஊற்றுவதும் அதுதான். கட்டக்கோரை என்கிற பாசியிலிருந்து அல்ஜினேட் எடுக்கிறார்கள். அது மருந்துக்கும், துணியில் சாய அச்சுப் போடவும் போகிறது. ஐஸ்கிரீம் சாப்பிடுகிற பட்டணத்துப் பிள்ளைக்கு எங்கள் அம்மாமாரின் மூச்சு எங்கே போய்ச் சேருகிறது என்று தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்துக்கு 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். கோடையில் பாசி பெருகுகிற சில வாரம் பாசி பறிப்பதை நிறுத்திக்கொள்கிறார்கள். தகட்டை வைத்துச் சுரண்டக் கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும், அடியை விட்டுவிட வேண்டும் என்பதும் அவர்கள் பேசி முடிவு செய்ததே. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015-ல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் விருது கிடைத்தது இதற்காகத்தான். பாசி எடுக்கிற ஒரு பெண், தீவுகளைப் பாதுகாத்ததற்காக உலக விருது வாங்கினார். எங்கள் பள்ளிப் போட்டியில் பேசிய பிள்ளைகளில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. பருவநிலைக்காகப் போராடுகிற ஸ்வீடன் பெண் கிரேட்டா துன்பர்க்கைத் தெரிகிறது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும் சேர்ந்து சுமார் 560 சதுர கிலோமீட்டர், 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்து எங்கள் ஆட்கள் போய்வந்த தீவுகள் அவை. முயல் தீவு, மனோலி, முள்ளி, தலையாரி, வாழை, அப்பா, நல்லதண்ணி என்று பெயர் வைத்ததே கடலுக்குப் போனவர்கள்தான். நல்லதண்ணி என்று ஒரு தீவுக்கும் உப்புத்தண்ணி என்று இன்னொன்றுக்கும் பெயர் இருப்பதைப் பார்த்தாலே போதும். தண்ணீர் தோண்டிக் குடித்துப் பார்த்தவர் வைத்த பெயர்கள். அந்தத் தீவுக்கரையில் ஒதுங்கியதற்காக என் அம்மாவின் பையைப் பிடுங்கி, பறித்த பாசியைக் கடலிலேயே கொட்டி, தண்டமும் கட்ட வைத்தது ஒரு காவல் படகு. அந்தத் தொகையைத் திரும்பச் சம்பாதிக்க அம்மா எத்தனை முறை முங்க வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். என் பத்தாம் வகுப்புப் புத்தகச் செலவு அந்த மாதம் தள்ளிப்போயிற்று.

பூங்கா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாரிடமிருந்து யாரைக் காப்பதற்கான பூங்கா என்றுதான் கேட்கிறேன். இதைக் கேட்கும்போது கல் எடுத்த கதையைச் சொல்லாமல் முடியாது.

என் தாத்தா காலத்தில் கடலில் கல் எடுப்பது ஒரு தொழில். முருகைக்கல் என்போம். பவளப்பாறையைக் கடப்பாரையால் பெயர்த்து வல்லத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். வீடு கட்ட அதுதான் கல். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற தேவாலயச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல்லின் ஓட்டைகள் நினைவிருக்கும். ஆனால் வீட்டுக்கும் கோயிலுக்கும் எடுத்த கல் சொற்பம். 1960-களில் இருந்து மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே ஆண்டுக்குப் பல்லாயிரம் டன் கல் கடலிலிருந்து ஏறியது. சுண்ணாம்புக் காளவாசல்களுக்குப் போயிற்று, கால்சியம் கார்பைடு செய்கிற தொழிலுக்குப் போயிற்று. கடப்பாரை பிடித்தவன் கூலிக்காரன். கல்லுக்கு விலை வைத்தவன் வேறு ஆள்.

இது யாருக்கும் தெரியாமல் நடக்கவில்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1971 வரை எங்கள் மண்டபம் முகாமில்தான் இருந்தது. இவ்வளவு கல் போகிறதே, பாறை தாங்காதே என்று அங்கிருந்த விஞ்ஞானிகள் அப்போதே அளந்து எழுதினார்கள். பவளப்பாறை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது 2001-ல். எழுதி வைத்ததற்கும் சட்டம் வந்ததற்கும் நடுவே ஏறக்குறைய முப்பது வருஷம். அதற்கப்புறமும் தூத்துக்குடிப் பக்கம் கல் எடுப்பு தொடர்ந்தது. 2004 டிசம்பர் சுனாமியில் தீவுகளும் பாறைகளும் அலையை வாங்கிக்கொண்டதைக் கண்ணால் பார்த்த பிறகு, கல் எடுத்தவர்களே கடப்பாரையைக் கீழே வைத்தார்கள்.

சில வருஷத்துக்கு முன் ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில் வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் வந்திருந்தார். திரையில் வரைபடம் போட்டு, 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் பருவநிலை மாற்றத்தால் மூழ்கிவிட்டன என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். "இது நாம் எல்லாரும் சேர்ந்து செய்த பாவம்" என்றார். நான் எழுந்து, அந்தத் தீவுகளைச் சுற்றி இருந்த கல் எங்கே போயிற்று ஐயா என்று கேட்டேன். அவருக்குக் கல் எடுத்த விஷயமே தெரிந்திருக்கவில்லை.

கடல் மட்டம் ஏறுவது நிஜம். உலகம் முழுக்கச் சராசரியாக ஒரு நூற்றாண்டுக்குச் சற்று கூடுதலான காலத்தில் 20 சென்டிமீட்டர் போல ஏறியிருக்கிறது. மணல் தீவுக்கு அதுவும் கேடுதான். ஆனால் தீவைச் சுற்றி அலையை உடைத்துக்கொண்டிருந்த பாறையை வெட்டிக் காளவாசலில் போட்டுவிட்டால், கடல் ஏறாவிட்டாலும் மணலை அலை வாரிக்கொண்டுதான் போகும். தூத்துக்குடிக்கு அருகே காரைச்சல்லித் தீவு 1969-ல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. இன்றைக்கு அதில் சிறு பங்குதான் மிச்சம். அதைக் காப்பாற்ற இப்போது செயற்கைப் பாறைகளைச் செய்து கடலில் இறக்குகிறார்கள். இயற்கையாக நின்ற கல்லை எடுக்க அனுமதித்த காலத்தையும், செயற்கைக் கல்லை இறக்கச் செலவழிக்கிற காலத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் பிள்ளைகளுக்கு அது பாடம். "நாம் எல்லாரும்" என்று ஆரம்பித்தால் அது பஜனை.

புற்றுநோய் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் தேடிப் பார்த்தேன். ஜனத்தொகைப் பெருக்கத்தைப் புற்றுநோய் என்று எழுதிப் புகழ்பெற்றவர் பால் எர்லிக் என்ற அமெரிக்க உயிரியலாளர். 1968-ல் வந்த தன் புத்தகத்தை, டெல்லியில் ஒரு இரவு டாக்ஸியில் போகும்போது பார்த்த கூட்டத்திலிருந்து தொடங்கினார். 1970-களில் கோடிக்கணக்கானோர் பட்டினியில் சாவார்கள் என்றார். அவர் சொன்ன அளவில் அது நடக்கவில்லை. விளைச்சல் பெருகியது. 1980-ல் ஜூலியன் சைமன் என்ற பொருளாதாரப் பேராசிரியரோடு பந்தயம் கட்டினார். செம்பு, குரோமியம், நிக்கல், தகரம், டங்ஸ்டன் ஐந்தும் பத்து வருஷத்தில் விலை ஏறும் என்பது எர்லிக் பக்கம். 1990-ல் தோற்றுப் பணம் அனுப்பினார். அவர் தோற்றதில் எனக்கு ஒன்றும் சந்தோஷம் இல்லை. அந்தப் பேச்சுக்கு இங்கே கொடுத்த விலைதான் எனக்கு முக்கியம். ஏழைகள் அதிகம் பிறந்ததுதான் கேடு என்று உலகம் பேசிய அந்தக் காலத்தில், நெருக்கடி நிலையின்போது, 1976-77 ஒரே ஆண்டில் இந்தியாவில் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை செய்தார்கள். எத்தனையோ இடங்களில் கட்டாயப்படுத்தி. மனிதனே நோய் என்று முடிவு கட்டிவிட்டால் கத்தி எந்த வீட்டுக் கதவைத் தட்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

சரி, ஆள் குறைந்தால் கடல் பிழைக்கும் என்கிறார்களே, அதையும் எங்கள் ஊரில் வைத்துப் பார்க்கலாம். என் அம்மாவோடு பிறந்தவர்கள் ஏழு பேர். எனக்கு இரண்டு பிள்ளைகள். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் மூன்றுக்கு மேல் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை என்று 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆளைக் குறைக்கச் சொன்ன பாடத்தை நாங்கள் முழுசாகப் படித்து முடித்துவிட்டோம். அதே வருஷங்களில்தான் கரை வலையில் மீன் அற்றுப்போனது. பிள்ளை குறைந்ததற்கும் மீன் குறைந்ததற்கும் சம்பந்தமே இல்லை என்று எங்கள் ஊர்ப் பெரியம்மாக்களுக்குத் தெரியும். சம்பந்தம் எதோடு என்றும் தெரியும்.

இழுவை மடி. கடல் தரையோடு பலகை உரசிக்கொண்டு போக, மடி பின்னால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். இறால்தான் குறி. கூடவே குஞ்சு, நண்டு, சிப்பி, கடல்புல், பாசி எல்லாம் ஏறும். வேண்டாததைக் கருவாட்டுக்கும் கோழித் தீவனத்துக்கும் தள்ளுவார்கள். இந்த மடி எங்கள் ஆட்கள் பேராசையில் கண்டுபிடித்தது இல்லை. ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் இறால் ஏற்றுமதி செய்து அன்னியச் செலாவணி சம்பாதிக்க வேண்டும் என்று அரசு திட்டம் போட்டு, மானியமும் கடனும் கொடுத்து, 1960-களில் இருந்து விசைப்படகைக் கரை கரையாகக் கொண்டுவந்தது. வளர்ச்சி என்று கைதட்டி வரவேற்ற விஷயம் அது. விசைப்படகில் இன்று கூலிக்குப் போகிற பையனைக் குற்றவாளி என்று நான் எழுத மாட்டேன். என் மாணவர்கள் சிலரும் அந்தப் படகுகளில்தான் இருக்கிறார்கள்.

1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் நாட்டுப்படகுக்கு என்று ஒதுக்கியது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது எங்கள் பாக் நீரிணைப் பக்கம் நடப்பில் இருக்கிற நாள் கணக்கு. திங்கள், புதன், சனி விசைப்படகு போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. வலை அறுந்து, கைகலப்பாகி, வழக்காகி, பேச்சு நடத்தி வந்த ஏற்பாடு இது. இதற்குள் பூமித்தாயும் இல்லை, எதிர்காலச் சந்ததியும் இல்லை. என் வலையை உன் மடி அறுக்கக் கூடாது என்ற சண்டை இருந்தது. அந்தச் சண்டையால் கடலுக்கு வாரத்தில் நான்கு நாள் மூச்சு விட இடம் கிடைத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தைவிட இதை நான் மதிக்கிறேன். ஏனென்றால் யார், எப்போது, எந்த மடியோடு என்று அதில் தெளிவாக இருக்கிறது.

தனுஷ்கோடிக்குச் சுற்றுலா வருகிறவர்கள் இப்போது ஒரு புதுக் கதை பேசுகிறார்கள். இயற்கையைச் சீண்டினால் இப்படித்தான் என்று அந்த இடிபாட்டின் முன் நின்று வீடியோ எடுக்கிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலுக்கு அந்த ஊர்க்காரர்கள் யாரையும் எதையும் சீண்டவில்லை. பாம்பனிலிருந்து போன ரயிலைக் கடல் பயணிகளோடு கொண்டுபோனது. புயல் வந்தது, முன்னெச்சரிக்கை போதவில்லை, செத்தார்கள். செத்தவர்களின் மேல் பாவத்தையும் ஏற்றுவது அநியாயம்.

பூமியும் அவ்வளவு நோஞ்சான் இல்லை. பாம்பன் கரையில் கடலுக்கு மேலே நிற்கிற பழைய பவளப்பாறையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவேன். சில ஆயிரம் வருஷத்துக்கு முன் கடல் இன்றைக்கு இருப்பதைவிட உயரமாக நின்றதன் தடம் அது. 20,000 வருஷத்துக்கு முன் பனிக்காலத்தில் கடல் 120 மீட்டர் போலக் கீழே இருந்தது. இங்கிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். கடல் ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது, பவளம் செத்திருக்கிறது, வேறு இடத்தில் முளைத்திருக்கிறது. பூமியைக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சும்போது எனக்கு மனம் ஒட்டாததற்கு இதுதான் காரணம். பூமி இருக்கும். கரையில் ஐம்பதடி தள்ளி வீடு கட்டிக் கடன் அடைத்துக்கொண்டிருக்கிற மனிதர்கள் இருப்பார்களா என்பதுதான் என் கவலை.

இவ்வளவையும் படித்துவிட்டு, வெப்பம் ஏறுவதே பொய் என்கிற கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். அந்தக் கூட்டத்தோடு எனக்கு ஒட்டு உறவு இல்லை. கடல் சூடாவதை நாங்கள் உடம்பால் அறிகிறோம். கோடையில் முங்குகிற பெண்கள் சொல்வார்கள், மேல் தண்ணி வெந்நி மாதிரி இருக்கு, பாறை வெள்ளையாக் கெடக்கு என்று. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால் பவளத்துக்குள் குடியிருந்து அதற்கு உணவு கொடுக்கிற நுண்பாசியைப் பவளம் வெளியே தள்ளிவிடும். நிறம் போய் வெளுக்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016, 2024 என்று பெரிய வெளுப்புகள் வந்தன. 2016-ல் மட்டும் இங்குள்ள பவளத்தில் ஏறக்குறைய 16 விழுக்காடு செத்தது. காற்றில் கரியமில வாயு 1958-ல் பத்து லட்சத்துக்கு 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த வேகம் பாம்பன் பாறை பார்த்த பழைய ஏற்ற இறக்கத்தில் சேராது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் வந்தது.

எரித்தது யார் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்றைய கணக்கில் ஆள் ஒன்றுக்கு வெளியேறும் கரியமில வாயு இந்தியாவில் ஆண்டுக்கு 2 டன் போல, அமெரிக்காவில் 14 டன் போல. இந்தியாவின் அந்த 2 டன்னும் சராசரிதான். சென்னையில் நாலு ஏசி ஓடுகிற வீட்டையும் எங்கள் தெருவில் ஒரு மின்விசிறி ஓடுகிற வீட்டையும் கூட்டி வகுத்தது. மண்ணெண்ணெய் எஞ்சினை மூன்று பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, காற்று இருந்தால் பாயை விரித்துக்கொண்டு பாசிக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறார்கள்? மனிதன் பூமியைச் சூடாக்கினான் என்ற வாக்கியம் அவர்களையும் எண்ணெய்க் கம்பெனி முதலாளியையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கிறது. அதை என் வகுப்பில் அனுமதிக்க முடியாது.

கடல் தரையில் ஊர்ந்து திரிகிற கடல் அட்டை விஷயத்தைச் சொன்னால் எங்கள் ஊர் ஆண்களுக்கு இன்னும் கண் சிவக்கும். 2001-ல் கடல் அட்டையை முதல் அட்டவணையில் போட்டார்கள். புலியும் அதில்தான், அட்டையும் அதில்தான். ஒரு அட்டை சாக்கில் இருந்தாலும் வழக்கு, சிறை. அதே அட்டையை எதிர்க்கரையில் இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், பண்ணை வைத்து வளர்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். நடுவே இருப்பது ஒரே கடல். அட்டைக்குப் பாஸ்போர்ட் கிடையாது. விளைவு என்ன? முங்கிப் பிடித்துப் பிழைத்தவர்கள் தொழிலை விட்டார்கள். பிடிப்பது நிற்கவில்லை. இரவோடு இரவாக இங்கிருந்து அங்கே கடத்துகிறவர்கள் கைக்குப் போயிற்று. மூட்டை மூட்டையாகப் பிடிபடும் செய்தி பத்திரிகையில் வந்துகொண்டே இருக்கிறது. எத்தனை இருக்கிறது, எந்த அளவுக்கு மேல் எடுக்கலாம், எந்த மாதம் எடுக்கக் கூடாது என்று மீனவரைக் கூட வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருந்தால் அட்டையும் மிஞ்சியிருக்கும், தொழிலும் மிஞ்சியிருக்கும். அளவு வைக்கிற சிரமத்துக்குப் பதிலாகத் தடை போட்டார்கள். தடை போடச் சிரமமே இல்லை, ஏழை மேல் போடும்போது.

இனி கப்பாபைகஸ். எங்கள் கரையில் இன்றைக்கு நடந்துகொண்டிருக்கிற விஷயம் இதுதான் என்பதால் கடைசியாக வைத்தேன். பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடலில் விளைகிற பாசி. 1980-களில் ஆய்வுக்காக இந்தியாவுக்கு வந்தது. 2000-க்குப் பிறகு ஒரு பெரிய குளிர்பான நிறுவனம் எங்கள் பக்கம் வளர்க்க ஆரம்பித்து, மூங்கில் தெப்பம் கட்டி, கயிற்றில் துண்டு துண்டாகப் பாசியைத் தொங்கவிட்டு, 45 நாளில் அறுக்கும் தொழிலாக ஆயிற்று. முங்க வேண்டாம், பாறையில் கை கிழிய வேண்டாம், பெண்களுக்குக் கையில் காசு. என் சித்தி மகள் அந்தத் தெப்பத்தில்தான் இரண்டு பெண்களைக் கல்லூரிக்கு அனுப்பினாள். அதனால் இந்தப் பாசியை அரக்கன் என்று எழுத என்னால் முடியாது.

ஆனால் 2008-ல் குருசடைத் தீவின் பவளத்தின் மேல் இது போர்வையாகப் படர்ந்திருப்பதை விஞ்ஞானிகள் கண்டு எழுதினார்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் வளர்க்கக் கூடாது, பாக் நீரிணைப் பக்கம் வளர்க்கலாம் என்று அதற்கு முன்பே, 2005-ல், அரசாணை இருந்தது. தண்ணீர் அரசாணை படிக்குமா? பாம்பன் கால்வாய் வழியாக இந்தப் பக்கத்து நீர் அந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கத்து நீர் இந்தப் பக்கம் வரும். ஒரு சிறு துண்டு அறுந்து போய் ஒட்டினால் போதும், முளைத்துவிடும். கிள்ளி எடுத்தாலும் மிச்சத்திலிருந்து மறுபடி வரும். இப்போது வலமாவூரில் 127 கோடிக்கு மேல் செலவில் கடற்பாசிப் பூங்கா வருகிறது. கடற்பாசி கரியமில வாயுவை உறிஞ்சும், பூமிக்கு நல்லது என்று மேடையில் பேசுகிறார்கள். பாசி பறித்ததற்குத் தண்டம் கட்டிய ஊரில், பாசி வளர்த்தால் மானியம். இரண்டுக்கும் காரணம் பூமியின் நலம்தான்.

எங்கள் ஊர் அக்காமார் போன வாரம் வீட்டுக்கு வந்து மனு ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். அவர்கள் கேட்பது இவ்வளவுதான். குருசடையைச் சுற்றிப் பவளத்தின் மேல் படர்ந்திருக்கிற அந்த வெளிநாட்டுப் பாசியைக் கையால்தான் எடுக்க வேண்டும், பவளம் உடையாமல், துண்டு சிதறாமல், ஒவ்வொரு கோடையும் திரும்பத் திரும்ப. மூச்சுப் பிடித்து முங்கவும், அடி தெரிந்து பறிக்கவும், எது பாறை எது பாசி என்று தடவியே சொல்லவும் தெரிந்தவர்கள் இந்தக் கரை முழுக்க இருக்கிறார்கள். அவர்களைத் தீவுக்குள் விட்டு, நாள் கூலி கொடுத்து, அந்த வேலையைக் கொடுங்கள். சம்பளம் எவ்வளவு என்று மனுவில் எழுத வேண்டுமா என்று ஒரு அக்கா கேட்டார். எழுதத்தான் வேண்டும் என்றேன். மரிக்கொழுந்து எடுத்தால் ஒரு நாளைக்கு என்ன கிடைக்குமோ அதற்குக் குறையாமல் என்று எழுதியிருக்கிறோம். பெயருக்கு நேரே கையெழுத்தும் கைநாட்டும் வாங்கியாயிற்று. திங்கட்கிழமை ராமநாதபுரம் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கப் போகிறோம்.